ஆடாத கால்களுக்கு அனுமதி இல்லை

என்னைத் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் ஆக்கிய திங்கட்கிழமை காலை எனக்கு மூன்று பொருள்கள் கொடுத்தார்கள். ஒரு சுழல் நாற்காலி, ஒரு கட்டு சிவப்பு அட்டை, ஓர் அலமாரிச் சாவி. நாற்காலி சுழலவில்லை. ஸ்டோர் கிளார்க்கிடம் சொன்னேன். "அது நம்ம தயாரிப்பு இல்லையே சார், நீங்க ஏன் செக் பண்றீங்க?" என்றார்.

எங்கள் தொழிற்சாலை வாக்கர் செய்கிறது. இடுப்பு ஒடிந்தவர்களும் மூட்டு மாற்றியவர்களும் இரு கையாலும் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடப்பார்களே, அந்த நான்கு கால் அலுமினியச் சட்டம். பதினொரு வருஷம் நான் அங்கே பரிசோதகனாக இருந்தேன். பரிசோதகன் என்றால் கைப்பிடி ரப்பருக்கு மட்டும். ரப்பரை இழுப்பேன். கையோடு வராவிட்டால் டிக் போடுவேன். கைப்பிடிக்குக் கீழே நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு முறை, ஒரு காலில் கீறல் இருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். 'கால் பகுதியை நீங்கள் பார்த்ததற்கான காரணத்தை மூன்று நாளில் எழுத்துமூலம் தெரிவிக்கவும்' என்று தாள் வந்தது. அதற்குப் பிறகு நான் கழுத்தை வளைத்ததே இல்லை. அந்த நிமிர்ந்த கழுத்துக்குத்தான் பதவி உயர்வு.

பொது மேலாளர் தானே வந்து அலமாரியைத் திறந்து காட்டினார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டார். எனக்கும் ஒரு ஜோடி கொடுத்தார். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால், விளக்கு வெளிச்சத்தில், நெற்றியில் பித்தளைத் தகடு அறைந்த ஒரு வாக்கர் நின்றது.

"இதுதான் மாஸ்டர் பீஸ்" என்றார், குரலைத் தாழ்த்தி. "இந்தக் கம்பெனியில எது சரி, எது தப்புன்னு சொல்றது நீங்க இல்ல, நான் இல்ல, முதலாளிகூட இல்ல. இதுதான்."

வேலை முறையையும் விளக்கினார். மாஸ்டர் பீஸை வைத்து ஒரு பலகை செய்திருக்கிறார்கள். பலகையில் நான்கு குழி. மாஸ்டர் பீஸின் நான்கு கால்களும் அந்தக் குழிகளில் அசையாமல் உட்காரும். வரிசையில் வரும் ஒவ்வொரு வாக்கரையும் அந்தப் பலகையில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அசையாவிட்டால் பச்சை ஸ்டிக்கர். ஆடினால் சிவப்பு அட்டை.

"சிவப்பு அட்டை கட்டினா கட்டினதுதான். முதலாளியே வந்து கெஞ்சினாலும் அவிழ்க்க முடியாது. இருபத்திநாலு மணி நேரத்துல பழைய இரும்புக்காரர் வண்டியில ஏறி வெளியே போயிடணும். அந்தக் கண்டிப்புதான்யா நம்ம கௌரவம்."

பிறகு விஷயத்துக்கு வந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு நாலாயிரம் வாக்கர் கிடங்கில் தயாராக நிற்கிறது. வெள்ளிக்கிழமை மாலை நான் கையெழுத்துப் போட வேண்டும். சனிக்கிழமை காலை லாரி கிளம்பும்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காரணம், அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் என் அக்கா படுத்திருந்தாள்.

அக்கா முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்று ஆறு மாதத்தில், பயணியாக ஏறிய பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், கையில் ஒரு வாக்கரோடு. "இன்னொரு தடவை விழுந்தாங்கன்னா ஆணி அடிக்கக்கூட அங்க எலும்பு இருக்காது" என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

அன்று மாலை பதவி உயர்வைச் சொன்னதும் அக்கா கட்டிலில் படுத்தபடியே சிரித்தாள். "அப்ப எனக்குத் தரப்போற வண்டி உன் கையெழுத்துல வருதாடா தம்பி? சின்ன வயசுல உனக்கு நடக்கச் சொல்லிக் குடுத்தவ நான். இப்ப நீ என்னை நடக்க வைக்கிற. சரியாப் போச்சு."

செவ்வாய்க்கிழமை காலை, வாக்கரை எப்படிப் பிடிப்பது என்று அக்காவுக்குச் சொல்லிக் கொடுக்கலாமே என்று நாலாயிரத்தில் ஒன்றை என் அறைக்குக் கொண்டுவரச் சொன்னேன். பச்சை ஸ்டிக்கர் பளபளத்தது. தரையில் வைத்துக் கைப்பிடியில் எடையைப் போட்டேன்.

டக்.

இடப்பக்கம் சாய்ந்தது. நிமிர்த்தினேன். டக். தரைதான் கோணல் என்று நினைத்து நடைவழிக்குக் கொண்டுபோனேன். அங்கும் டக். சாப்பாட்டுக் கூடத்தில் வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு ஒரே நேரத்தில் தட்டைப் பார்த்தார்கள். முதலாளி அறைக்கு வெளியே இருக்கும் பளிங்குத் தரையில் மிக அழகாக, எதிரொலியோடு, டக்.

கிடங்கிலிருந்து இன்னும் பத்து எடுத்துவரச் செய்தேன். பத்தும் ஆடின. எல்லாவற்றிலும் அதே கால். கடைசியில் கையுறை போட்டுக்கொண்டு அலமாரியைத் திறந்து, மாஸ்டர் பீஸை வெளியே எடுத்துத் தரையில் வைத்தேன். டக். என் மேசையிலிருந்த இரும்பு ஸ்கேலால் அளந்தேன். பின்பக்கத்து இடது கால் ஆறு மில்லிமீட்டர் குட்டை. உயரத்தை ஏற்றி இறக்கும் துளைகளைப் பார்த்தேன். அவை ஒரு அங்குல இடைவெளியில் இருந்தன. ஒரு துளை இறக்கினால் மறுபக்கம் சாய்ந்து ஆளைக் கவிழ்த்துவிடும்.

வெல்டரைக் கூப்பிட்டேன். மனிதர் வாக்கரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆறு வருஷமா அப்படித்தான் சார். அலமாரியை இடம் மாத்தும்போது மாஸ்டர் பீஸைக் கீழே போட்டுட்டாங்க. கால் மடங்கிடுச்சு. மடங்கின நுனியை அறுத்துட்டு, ரப்பர் மாட்டி உள்ளே வெச்சுட்டாங்க. அப்புறம் பலகையையும் அதுக்கேத்த மாதிரி மாத்தினோம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும் சார். உங்களுக்குத்தான் தெரியாது. நீங்க ரப்பர் செக்‌ஷன்."

"அப்ப நேரா வர்ற வாக்கரெல்லாம்?"

"எவ்வளவு கவனமா குட்டையா வெட்டினாலும் பத்துல ஒண்ணு கை தவறி நேரா வந்துடும் சார். பலகையில வெச்சா ஆடும். சிவப்பு அட்டை கட்டிடுவோம்." அவர் வருத்தத்தோடு சேர்த்துக்கொண்டார்: "போன வருஷம் நேரா வந்த பீஸுக்கெல்லாம் எனக்கு மெமோ குடுத்தாங்க."

நேரே பொது மேலாளரிடம் ஓடினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். தன் மகனின் மதிப்பெண்ணைக் கேட்கும் தகப்பனைப்போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"மாஸ்டர் பீஸ் தப்புன்னு சொல்றீங்க."

"ஆமா சார். ஆறு மில்லிமீட்டர்."

"தப்புன்னா என்னன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"அளந்து பார்த்தா..."

"மாஸ்டர் பீஸோட ஒப்பிட்டாத்தான் தெரியும். மாஸ்டர் பீஸை மாஸ்டர் பீஸோட ஒப்பிட்டுப் பார்த்தீங்களா? அணுவளவு வித்தியாசம் இருந்துச்சா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன?"

மாற்று மாஸ்டர் பீஸ் செய்ய வழி இருக்கிறதா என்று கேட்டேன். தாராளமாக இருக்கிறது என்று விதிப்புத்தகத்தைப் புரட்டினார். புது மாஸ்டர் பீஸ் எல்லா அளவிலும் பழைய மாஸ்டர் பீஸோடு ஒத்துப்போக வேண்டும். அது ஒன்றே நிபந்தனை.

"ஆஸ்பத்திரியில இருந்து புகாரே வரலையா சார்?"

"வந்துச்சே. ஆறு வருஷத்துல நூத்திப் பதினேழு. எல்லாத்துக்கும் பதில் போட்டிருக்கோம். 'தங்கள் வீட்டுத் தரையைச் சரிபார்க்கவும்.' அதுக்கு அப்புறம் ஒருத்தர்கூட ரெண்டாவது கடிதம் எழுதினதில்ல. அவங்க தரையைச் சரிபண்ணிட்டாங்கன்னுதானே அர்த்தம்?"

ஏன் எழுதவில்லை என்பதற்கு எனக்கு வேறொரு காரணம் தோன்றியது.

புதன்கிழமை தர தினம். தொழிற்சாலை முற்றத்தில் மேடை போட்டிருந்தார்கள். 'தரமே நம் மூச்சு' என்ற பதாகை காற்றில் கிழிந்து, 'மூச்சு' மட்டும் தனியாகத் தொங்கியது. எல்லாரும் வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்தோம். பொது மேலாளர் மேடைமேல் ஒரு புது வாக்கரை ஊன்றிக்கொண்டு பேசினார்.

"நண்பர்களே! மனுஷன் தவறலாம். நம்ம தயாரிப்பு தவறாது. இந்த வாக்கரைப் பாருங்க. இதுமேல என் முழு எடையையும் போடறேன்..."

போட்டார். டக். மைக், பூச்செண்டு, பொது மேலாளர் மூன்றும் இடப்பக்கம் போயின. முன்வரிசையில் இருந்தவர்கள் தாங்கிப் பிடித்தார்கள். கைதட்டல் நிற்கவில்லை, ஏனென்றால் எப்போது நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் சொல்லப்படவில்லை. நிமிர்ந்து நின்றதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "மேடை போட்டவன் எங்கே?"

தச்சர் வந்தார். ரசமட்டம் வைத்துக் காட்டினார். குமிழ் நட்ட நடுவில் நின்றது. "என் மேடை நேரா இருக்குங்க" என்றார்.

"அதுதான்யா குத்தம்! எங்க பொருளுக்கு ஏத்த மாதிரி போட்டிருக்க வேணாமா?"

தச்சர் என்னைப் பார்த்தார். நான் பதாகையைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை தரச்சான்று தரும் அமைப்பிலிருந்து தணிக்கையாளர் வந்தார். ஒல்லியான மனிதர், தடித்த பேனா. வெளியாள் ஆயிற்றே, இவருக்காவது கண் இருக்கும் என்று நம்பினேன். வாக்கரை அவர் முன்னால் வைத்து ஆட்டிக் காட்டினேன். டக், டக், டக்.

"போன வருஷத் தயாரிப்பு இருக்கா?" என்றார். கொண்டுவந்தேன். அதையும் ஆட்டினார். "அதுக்கு முந்தின வருஷம்?" அதுவும் ஆடியது. அவர் கண்கள் கலங்கிவிட்டன.

"அபாரம்! ஆறு வருஷம். அதே கால். அதே ஆறு மில்லிமீட்டர். நான் எத்தனையோ கம்பெனி பார்த்திருக்கேன் சார். ஒருநாள் நல்லாப் பண்ணுவான், ஒருநாள் கோட்டை விடுவான். உங்ககிட்ட அது கிடையாது. நல்லா இருக்கறது தரம் இல்ல சார். ஒரே மாதிரி இருக்கறதுதான் தரம்."

"ஆனா விழுந்துடுவாங்களே?"

"எல்லாரும் ஒரே பக்கம்தானே விழுவாங்க?"

அவர் என்னிடம் கண்ட குறை ஒன்றே ஒன்று. நான் அளந்த இரும்பு ஸ்கேலில் சோதனை முத்திரை இல்லை. முத்திரையில்லாத ஸ்கேல் அளவு காட்டாது. ஆகவே ஆறு மில்லிமீட்டர் என்று ஒன்று கிடையாது. சற்றுமுன் அதையே பாராட்டிக் கண்கலங்கியதை நினைவுபடுத்தினேன். "பாராட்டறதுக்கு முத்திரை தேவையில்ல" என்று சொல்லி, ஸ்கேலைக் கவரில் போட்டு ஒட்டி எடுத்துக்கொண்டார். எனக்கு ஒரு மெமோ எழுதிவைத்தார்.

அன்று மாலை பழைய இரும்புக் கடைக்குப் போனேன். தொழிற்சாலையில் கழித்ததெல்லாம் அங்கேதான் வரும். கடைக்காரர் உடைந்த சைக்கிள்களுக்கும் பீப்பாய்களுக்கும் நடுவே தனி இடம் ஒதுக்கி, சிவப்பு அட்டை தொங்கும் வாக்கர்களை வரிசையாக நிறுத்தியிருந்தார். எங்கள் கிடங்கைவிடச் சுத்தமாக இருந்தது. ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். மலைபோல நின்றன.

"அக்காவுக்கா சார்? இதை எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர். "உங்க ஆளுங்க எல்லாரும் வீட்டுக்கு இங்கதான் எடுப்பாங்க. வெல்டர் அவங்கப்பாவுக்கு எடுத்தாரு. வாட்ச்மேன் எடுத்தாரு. உங்க பெரிய சார் போன மாசம் ரெண்டு எடுத்தாரு, அம்மாவுக்கு ஒண்ணு, மாமியாருக்கு ஒண்ணு. டிரைவரை விட்டு எடுக்கச் சொல்லிட்டு காருக்குள்ளயே உட்கார்ந்திருந்தாரு."

ஒன்றை ஒதுக்கிவைக்கச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியில், "உனக்கு ஒண்ணு நல்லதா எடுத்து வெச்சுட்டேன்க்கா. இவங்க தர்றதை வாங்காதே. கவலை விட்டுது" என்றேன்.

அக்கா வார்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள்.

"இந்த வார்டுல எத்தனை கட்டில் இருக்கு தெரியுமாடா?"

"தெரியாது."

"இருபத்திரெண்டு. அதோ, ஓரத்துல இருக்காளே, அவ டீச்சர். ரெண்டு மூட்டும் மாத்தியிருக்கு. இந்தப் பக்கத்துக் கட்டில்காரி பல்லு செட்டைக் கழட்டி வெச்சுட்டு தினம் என்னைத் திட்டுவா, குறட்டை விடறேனாம். இவங்களுக்கெல்லாம் யாரு கையெழுத்துல வருது?"

நான் கட்டில்களை எண்ணத் தொடங்கினேன்.

"முப்பது வருஷத்துல நான் ஒருநாளும், எங்க வீட்டு ஆளு ஏறியாச்சுன்னு விசில் அடிச்சதில்லடா. படியில தொங்கறவன் உள்ள வர்ற வரைக்கும் விரலை வாயில வெச்சுக்கிட்டே நிப்பேன். நீ என்னடான்னா அக்கா உட்கார்ந்துட்டா, வண்டியை எடுங்கறே."

பக்கத்துக் கட்டில்காரி பல் இல்லாத வாயால், "நல்லாக் கேளு" என்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை. என் அறையில் பொது மேலாளர் இருந்தார். தணிக்கையாளரும் இருந்தார், சான்றிதழில் கடைசி வரியை எழுதிக்கொண்டு. நாலாயிரம் வாக்கருக்கான தாள் என்முன் கிடந்தது. முதல் வரி: 'மேற்படி பொருள்களை மாஸ்டர் பீஸுடன் ஒப்பிட்டுப் பார்த்தேன்.'

"போடுங்க சார்" என்றார் பொது மேலாளர்.

"உங்கம்மா வீட்ல இருக்கறது சிவப்பு அட்டை பீஸ்தானே சார்?"

அவர் பேனா மூடியைத் திருகினார். முகம் மாறவே இல்லை. "வீடு வேற, கம்பெனி வேற. வீட்ல நான் ஒரு மகன். மகனுக்குப் பாசம் இருக்கும். இங்க நான் தரத்துக்குக் காவல். காவல்காரனுக்குப் பாசம் இருக்கக் கூடாது. இந்த ரெண்டையும் குழப்பிக்காம இருக்கறதுதான் நிர்வாகம். கையெழுத்தைப் போடுங்க."

"ஒருதடவை ஒப்பிட்டுப் பார்த்துடறேன் சார். தாள்ல அப்படித்தானே எழுதியிருக்கு."

எழுந்து கையுறை போட்டுக்கொண்டேன். அலமாரியைத் திறந்தேன். மாஸ்டர் பீஸை எடுத்து மேசைமேல் வைத்தேன். டக். இடது கையுறையைக் கழற்றிவிட்டு, ஒரு சிவப்பு அட்டையை எடுத்து, 'பின் இடது கால் குட்டை' என்று எழுதி, அதன் கழுத்தில் நூலைச் சுற்றி, இறுக்கி, இரண்டு முடிச்சுப் போட்டேன்.

பொது மேலாளர் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. "யோவ்! அவிழ்யா அதை!"

"அவிழ்க்க முடியாது சார். முதலாளியே வந்து கெஞ்சினாலும்."

அவரே கையை நீட்டினார். நூலின் நுனியைப் பிடித்தும்விட்டார். அப்போதுதான் தணிக்கையாளர் தொண்டையைச் செருமினார்.

"நான் இங்க இருக்கேன் சார்" என்றார், தடித்த பேனாவைத் தாள்மேல் நிறுத்தி. "கட்டின அட்டையை அவிழ்த்தா நான் எழுதவேண்டியிருக்கும். ஆறு வருஷமா ஒரு அட்டைகூட நீங்க அவிழ்த்ததில்ல. அந்தப் பெருமையைக் கெடுத்துக்காதீங்க."

பொது மேலாளரின் விரல்கள் நூலை ஒவ்வொன்றாக விட்டன.

அரை மணி நேரத்தில் என் வேலை போயிற்று. வேறு எதற்காகவும் அல்ல: மாஸ்டர் பீஸைத் தொட்டபோது என் இடது கையில் கையுறை இல்லை. மெமோவில் அதுமட்டும்தான் இருந்தது. நூல் முடிய விரல் வேண்டுமே என்றேன். விரலுக்கு விதியில் இடமில்லை என்றார்கள்.

மாஸ்டர் பீஸ் பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏறியது. நானும் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். வாட்ச்மேன் வண்டியைச் சோதித்தார். சிவப்பு அட்டையைப் படித்தார். ஒரு சல்யூட் வைத்தார். அது எனக்கா, அதற்கா என்று தெரியவில்லை.

கடையில் கடைக்காரர் பித்தளைத் தகட்டைப் பிடுங்கித் தனியே போட்டார். வெட்டும் மெஷினை ஓடவிட்டார். பத்து நிமிஷத்தில் மாஸ்டர் பீஸ் ஒரு கூடை அலுமினியத் துண்டாயிற்று.

சனிக்கிழமை லாரி கிளம்பவில்லை. என் இடத்தில் புது மேலாளரைப் போட்டுவிட்டார்கள், ஆனால் அவரால் அந்த முதல் வரிக்குக் கீழே கையெழுத்துப் போட முடியவில்லை. ஒப்பிடுவதற்கு மாஸ்டர் பீஸ் இல்லை. நாலாயிரத்தில் ஒன்றையே மாஸ்டர் ஆக்கலாம் என்றால், மாஸ்டருடன் ஒப்பிடாத பீஸ் மாஸ்டர் ஆக முடியாது. ஆஸ்பத்திரியில் சரக்கு வரவில்லை என்று கையை விரித்தார்கள். அக்கா வார்டில் இருந்த அத்தனை பேரின் வீட்டாருக்கும் கடை விலாசத்தைச் சொல்லி, எந்தப் பஸ், எந்த நிறுத்தம் என்றும் சொல்லி அனுப்பிவிட்டாள். பதினோரு மணிக்குக் கடையில் கூட்டம் நெரிந்தது. டீச்சரின் கணவர் மூன்றைச் சோதித்து நான்காவதை எடுத்தார். எல்லாம் ஒன்றுதான் என்றால் கேட்கவில்லை.

அக்காவையும் வீட்டுக்குப் போகும் வழியில் ஆட்டோவில் அங்கேயே கொண்டுவந்திருந்தேன். அவளுக்கென்று ஒதுக்கியதைக் கையில் கொடுத்தேன். பிடித்து, எழுந்து, முதல் அடி வைத்தாள். வாக்கர் நின்றது. இரண்டாவது அடி. நின்றது.

அப்போதுதான் பொது மேலாளரின் கார் வந்தது. இந்த முறை உள்ளேயே உட்கார்ந்திருக்கவில்லை. கையுறையோடு இறங்கி ஓடிவந்தார்.

"மாஸ்டர் பீஸ் எங்கய்யா? தகடு எங்க?"

"தகட்டைப் பிடுங்கிட்டேன் சார்" என்றார் கடைக்காரர். "பீஸு... இந்தக் கூட்டத்துல தேடிப் பாருங்களேன்."

பொது மேலாளர் வாக்கர் வரிசைக்குள் புகுந்தார். ஒன்றை எடுத்து அழுத்தினார். அசையவில்லை. வீசினார். அடுத்ததை அழுத்தினார். அசையவில்லை. டீச்சரின் கணவர் கையிலிருந்ததைப் பிடுங்கி அழுத்தினார். வெயிலில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "ஒண்ணாவது ஆடுதா பாருங்கய்யா, ஒண்ணாவது!" என்று கத்திக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தவர், கடைசியில் அக்காவின் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, கொஞ்சம் கையை எடுங்க."

"கையை எடுத்தா நான் விழுந்துடுவேன்யா."

"ஒரே நிமிஷம்தாம்மா" என்றார் பொது மேலாளர். "தரப் பரிசோதனை."